லிட்டருக்குப் பன்னிரண்டு

அன்பு மகள் பாப்புவுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பதை ஞாயிற்றுக்கிழமை போனிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டேன், ஆனாலும் தாளை எடுத்தால் அதை முதலில் கேட்காமல் கை நகரமாட்டேன் என்கிறது. இங்கே அம்மா நன்றாக இருக்கிறாள். நானும் இப்போது நன்றாக இருக்கிறேன். அந்த "இப்போது" என்பதைப் பார்த்ததும் போனைத் தூக்கிவிடாதே, முழுவதையும் படித்து முடித்துவிட்டு அப்புறம் கூப்பிடு. நீ அன்றைக்கு உன் புதுக் காரைப் பற்றிக் கேட்டாய் அல்லவா, புத்தகத்தில் லிட்டருக்கு இருபது கிலோமீட்டர் என்று போட்டிருக்கிறார்கள், உனக்குப் பதினாலுக்கு மேல் வரவில்லை, வண்டியில் கோளாறா, இல்லை நம்மை ஏமாற்றிவிட்டார்களா என்று. கடிதத்தில் எழுதுகிறேன் என்று சொன்னேன். பதில் தெரியாமல் அப்படிச் சொல்லவில்லை. பதிலோடு இன்னொரு விஷயமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதைப் போனில் சொன்னால் பாதியில் அம்மா வாங்கிப் பேச ஆரம்பித்துவிடுவாள்.

முதலில் உன் வண்டி. புத்தகத்தில் உள்ள கணக்கு பொய் இல்லை, ஆனால் அது நம் தெருவில் ஓட்டிப் பார்த்த கணக்கும் இல்லை. ஒரு அறைக்குள் வண்டியை உருளைகளின்மேல் நிறுத்தி, இத்தனை விநாடியில் இந்த வேகம் என்று எழுதிவைத்து, அதன்படி ஓட்டி எடுப்பது. அங்கே குறுக்கே யாரும் வரமாட்டார்கள், மேடும் கிடையாது, எதிர்க்காற்றும் கிடையாது. நீ வீட்டிலிருந்து ஆபீசுக்கு நாலு கிலோமீட்டர் போகிறாய், என்ஜின் சூடாவதற்குள் இறங்கிவிடுகிறாய். குளிர்ந்த என்ஜின் பசித்த பிள்ளை மாதிரி, போட்டதையெல்லாம் இழுக்கும். உன் ஊரின் குளிருக்கு அது இன்னும் அதிகமாகவே இழுக்கும். கடைக்குப் போகிற வேலை, நூலகத்துக்குப் போகிற வேலை எல்லாவற்றையும் ஒரே சுற்றில் வைத்துக்கொள், தனித்தனியாகக் கிளம்பாதே. மாதம் ஒரு தடவை டயரில் காற்றுப் பார், வண்டி ஓடிச் சூடான பிறகு பார்க்காமல் காலையில் கிளம்பும்போதே பார். கூரையில் கம்பிச் சட்டம் மாட்டியிருப்பதாகச் சொன்னாயே, சுற்றுலா முடிந்துவிட்டது, அதைக் கழற்றி வை, காற்று அதில் மோதி மோதி வண்டியைப் பின்னால் இழுக்கும். நெடுஞ்சாலையில் நூற்றுப்பத்தில் போகிறவள் தொண்ணூறில் போய்ப் பார், வித்தியாசம் உனக்கே தெரியும். இவ்வளவும் செய்தால் பதினாறு வரலாம். இருபது வராது, அதை மறந்துவிடு. அளப்பதையும் ஒழுங்காக அள, காரின் திரையில் வருகிற எண்ணை அப்படியே நம்பாதே. ஒரே பெட்ரோல் பங்கில், பம்பு தானாக நிற்கிற வரைக்கும் டாங்கை நிரப்பி, மறுதடவையும் அதே மாதிரி நிரப்பி, ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுத்துக்கொள். ஒரு தடவை வருவதை வைத்து முடிவு கட்டாதே, நாலைந்து தடவை பார்.

இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும் என்று நீ கேட்கமாட்டாய், முப்பத்தோரு வருஷம் கடைத் தராசையும் பெட்ரோல் பம்பையும் சோதித்துச் சீல் வைத்த ஆள்தானே நான். அந்தத் திமிர்தான் என்னைக் கொஞ்ச நாள் கண்ணை மூட வைத்தது. நம் சின்னக் காரும் வாங்கின புதிதில் பதினாறு, பதினாறரை கொடுத்துக்கொண்டிருந்தது. போன வருஷம் நடுவிலிருந்து குறைய ஆரம்பித்தது. பதினைந்து, பதினாலு, பிறகு லிட்டருக்குப் பன்னிரண்டு. அதே மாடல் கார் வைத்திருக்கிற உன் மாமா தனக்குப் பதினேழு வருகிறது என்று ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னார். நான் சும்மா இருந்திருக்கலாம். இல்லாத மைலேஜை எல்லாம் நாக்கு கொடுக்கும் என்று சொல்லிவிட்டேன். மச்சான் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார், அதன்பிறகு இரண்டு மாதம் இந்தப் பக்கம் வரவில்லை. அவர் கோபம் என்னை உறுத்தவில்லை, பன்னிரண்டுதான் உறுத்தியது.

முதலில் பங்கைச் சந்தேகப்பட்டேன். என் பழைய ஆபீசில் இப்போது இருக்கிற பெண் அதிகாரியிடம் சொல்லி, ஐந்து லிட்டர் சோதனைக் குவளையோடு வரச்செய்தேன். அவள் நான் செய்கிற மாதிரியே பொறுமையாக மூன்று தடவை பிடித்துப் பார்த்தாள், அளவு அச்சாகச் சரியாக இருந்தது. பங்க் மேனேஜர் என் முகத்தைப் பார்க்காமல் நின்றார், எனக்குத்தான் கூச்சமாகப் போய்விட்டது. பிறகு டயரை மாற்றினேன். டிக்கியில் கிடந்த பழைய இரும்புச் சாமான்களை இறக்கினேன். ஏசியை நிறுத்தி ஓட்டி, வேர்த்து விறுவிறுத்து அம்மாவிடம் திட்டு வாங்கினேன். கார் கம்பெனிக்கு மூன்று பக்கம் கடிதம் எழுதினேன். இதற்கு நடுவில் எனக்குக் காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்திருந்தபோது அம்மாதான் வண்டி எடுத்தாள். நான் எழுந்து வந்து டாங்கை நிரப்பிக் கணக்குப் பார்த்தால் பதினாறு வருகிறது. நீ எங்கேயோ நடுவில் ஊற்றிவிட்டு மறந்திருப்பாய் என்று அவளிடம் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. முப்பத்தாறு வருஷக் குடித்தனத்தில் உன் அம்மா பேசாமல் இருந்த நாட்களில்தான் நான் அதிகமாகத் தப்பு செய்திருக்கிறேன், அது உனக்கும் தெரியும்.

அப்புறம் ஒரு நாள் ஆஸ்பத்திரி மேட்டில் வண்டி ஏறமாட்டேன் என்றது. என்ஜின் கத்துகிறது, வண்டி நகரவில்லை, கருகின வாடை வேறு. மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போனோம். அவர் கழற்றிப் பார்த்து, கிளட்ச் பிளேட்டைக் கையில் எடுத்துவந்து காட்டினார். ஓரமெல்லாம் நீலமாகக் கருகியிருந்தது. மைலேஜ் போன இடமும் இதுதான் என்றார். "சார், இது தானா தேயல. கிளட்ச் மேல கால் வச்சபடியே ஓட்டியிருக்கீங்க" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. நாற்பது வருஷமாக வண்டி ஓட்டுகிறேன், கியர் மாற்றினதும் காலை எடுத்துக் கீழே வைக்கத் தெரியாதா எனக்கு என்று சத்தம் போட்டேன். அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். உன் கல்யாணத்துக்கு முன்பிருந்தே நம் வண்டியைப் பார்க்கிறவர், ஒரு நாளும் என்னை ஏமாற்றினதில்லை. அவரிடம் அப்படிப் பேசிவிட்டேன்.

புது பிளேட் போட்டு எடுத்துவந்த மூன்றாம் நாள், மருந்துக்கடைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தேன். பட்டப்பகல். அம்மா வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நான் காரிலிருந்து இறங்கி இரண்டு படி ஏறினதும், "இன்னொரு செருப்பு எங்க?" என்றாள். குனிந்து பார்த்தால் இடது காலில் செருப்பு இல்லை. மருந்துக்கடை வாசலிலேயே கழன்றிருக்கிறது, நான் அங்கிருந்து காருக்கு நடந்து வந்து, மூன்று கிலோமீட்டர் ஓட்டி, இறங்கி, படியும் ஏறியிருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. அது போதாதென்று வெள்ளைத் தரையில் என் பின்னாலேயே சிவப்பாகப் புள்ளி புள்ளியாக வந்திருந்தது. அம்மா என்னை உட்காரவைத்துக் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துப் பார்த்தாள். குதிகாலில் ஒரு கண்ணாடிச் சில்லு, கடுகு இரண்டு சேர்ந்தாற்போல இருக்கும். ஊசியால் அதை அவள் எடுத்தபோதும் எனக்கு வலிக்கவில்லை.

மறுநாளே அம்மா என்னைச் சர்க்கரைக்குப் பார்க்கிற டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனாள். நரம்பைச் சோதிக்க அவர் மெல்லிய நைலான் இழை மாதிரி ஒன்று வைத்திருக்கிறார். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, தொட்டால் சொல்லுங்கள் என்றார். நானும் மூடிக்கொண்டு காத்திருந்தேன். ரொம்ப நேரமாகிறதே என்று, "ஆரம்பிக்கலாம் டாக்டர், நான் தயார்" என்றேன். "ஆறு இடத்துல தொட்டாச்சு" என்றார். பாப்பு, அந்த அறையில் மின்விசிறி சுற்றுகிற சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஆறு வருஷமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன் என்று பெயர், மனசு வைத்த நாளில் போட்டுக்கொள்வேன், இல்லாவிட்டால் இல்லை. அது கால் நரம்பைத் தின்றிருக்கிறது. இடது காலில் அதிகம், வலது காலில் கொஞ்சம். கிளட்ச்மேல் இடது கால் கிடந்தது எனக்குத் தெரியாததற்கும் அதுதான் காரணம், வலது கால் ஆக்சிலரேட்டரை வேண்டியதற்கு மேல் அமுக்கியதற்கும் அதுதான். பெட்ரோல் குடித்தது வண்டி இல்லை, என் கால். வலது காலும் முழுதாக மரத்து, நான் பிரேக் என்று நினைத்து மிதித்தது வேறாக இருந்திருந்தால்? பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் அந்த வாசல் வழியாகத்தான் நான் தினம் வருவேன். ஒன்றும் நடக்கவில்லை. நடக்கவில்லை என்பதை நினைத்துக்கொண்டு நாலு நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை.

இனி ஓட்ட வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்வதற்கு முன்பே சாவியை அம்மா கையில் கொடுத்துவிட்டேன். இது நடந்து நாலு மாதம் ஆகிறது. புண் ஆறிவிட்டது. மாத்திரை வேளாவேளைக்கு நடக்கிறது, சர்க்கரை இறங்கியிருக்கிறது. போன உணர்வு திரும்புவது சந்தேகம், மேலும் போகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள், அது போதும். மெக்கானிக்கிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, முதலில் கால் எப்படி இருக்கிறது என்றுதான் கேட்டார். மாமா வீட்டுக்கும் போனோம், அம்மாதான் ஓட்டினாள். உங்கள் பதினேழு உண்மைதான் மச்சான் என்றேன். அவர், உண்மையில் பதினாறுதான், அன்றைக்கு உங்கள் முகத்தைப் பார்த்ததும் ஒன்று கூட்டிச் சொல்லிவிட்டேன் என்றார். சிரித்துச் சிரித்து அத்தைக்கு இருமலே வந்துவிட்டது.

உன்னிடம் இத்தனை நாள் சொல்லாதது தப்புதான். நீ லீவு போட்டு ஓடிவருவாய் என்று பயந்தேன். இப்போதும் ஓடிவராதே, உனக்கு லீவு கிடைக்கிற மாதத்தில் நிதானமாக வா. ஆனால் ஒன்று செய். உனக்கும் முப்பத்துநாலு ஆகிறது, என் ரத்தம் உன்னிடமும் ஓடுகிறது. இந்த வாரமே சர்க்கரை பார்த்துவிட்டு எண்ணை எனக்கு எழுது. காரின் எண்ணை எழுதாவிட்டாலும் பரவாயில்லை, இதை எழுது. வண்டியில் ஏதாவது குறைந்தால் வண்டியை மட்டும் பார்க்காதே, ஓட்டுகிறவளையும் பார். நீங்கள் இருவரும் குறைவில்லாமல், நோய்நொடி அண்டாமல் நீடூழி வாழவேண்டும். மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல்.

என்றும் உன் நலம் நாடும்,
அப்பா

கண்ணு, அம்மா எழுதுகிறேன். கடிதத்தை ஒட்டித் தபாலில் போடச் சொல்லிவிட்டு அப்பா குளிக்கப் போயிருக்கிறார். அவர் எழுதினது எல்லாம் சரிதான். பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, நான் கியர் மாற்றுகிறபோதெல்லாம் அவருடைய இடது கால் தானாகத் தரையை அமுக்குகிறது. அது அவருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. அமுக்கிவிட்டு ஒவ்வொரு தடவையும் சரியாகக் காலை எடுத்துவிடுகிறார்.