வலிக்காத நெஞ்சு

தங்கை குளித்துக்கொண்டிருந்தாள். நேற்றைய சண்டைக்குப் பிறகு அவள் முகம்கொடுத்துப் பேசவே இல்லை. பூட்டு ரிப்பேர் கடை வைத்திருக்கும் அண்ணன், ஆஸ்பத்திரிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் குனிந்து எழுதினார்.

"பாப்பா, அட்மிட் ஆகக் கிளம்பிட்டேன். போகும்போது கதவை ரெண்டு தடவை இழுத்துப் பாரு. ஊர்ப் பூட்டையெல்லாம் சரிபண்ணினேன், நம்ம வீட்டுப் பூட்டுக்குத்தான் நேரமில்ல.

பதினோரு மணிக்கு உனக்கு ஹார்ட் ஸ்கேன். காபி குடிக்காதே, துடிப்பு கூடினா படம் சரியா விழாதாம். சர்க்கரை இறங்கினா வாயில போட்டுக்க மிட்டாய் உன் பையில வச்சிருக்கேன்.

'எனக்கு வலிக்கவே இல்லையே, எதுக்கு ஸ்கேன்'னு நேத்து கத்தினே. எனக்கும்தான் வலிக்கல. மூணு ரத்தக்குழாயும் அடைச்சிருக்குன்னு ஸ்கேன் எடுத்தப்புறம்தானே தெரிஞ்சுது. சர்க்கரை இருந்தா நரம்பு மரத்துப்போயிடுமாம். நெஞ்சு கூப்பிட்டாலும் நமக்குக் கேக்காதாம்."

பேனாவை மூடினார். பல வருஷமாக இருவரும் இந்த மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்துதான் சர்க்கரை மாத்திரை போட்டிருக்கிறார்கள். நாளை அவருக்கு நெஞ்சைத் திறக்கிறார்கள். மறுபடி இங்கே வந்து உட்காருவோமா என்று அவருக்கே தெரியவில்லை.

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. சட்டென்று தாளின் அடியில் மிச்சமிருந்த இடத்தில் நெருக்கி எழுதினார்.

"உன்னைப் பாக்காம ஆபரேஷனுக்குப் போகமாட்டேன்னு டாக்டர்கிட்ட சொல்லியிருக்கேன். பொய்தான். ஆனாலும் வந்துடு."