இரண்டு சாம்ராச்சியங்களுக்கு நடுவில் ஒரு சவப்பெட்டி

என்ர ஆசை அண்ணை,

நீங்கள் கண்மூடி வாற மாதம் ஒரு வருசம். அழுது ஓய்ஞ்சிட்டன். இப்ப வயித்தெரிச்சல்தான் மிச்சம். அதை ஆரிட்டக் கொட்ட? உயிரோட இருக்கிறவையிட்டச் சொன்னா, "விடு ராணி, நடந்தது நடந்திட்டுது" எண்டுவினம். நீங்கள் ஒருத்தர்தான் என்ர கதையை முழுசாக் கேக்கிறனீங்கள்.

முதல் புதினம், நீங்கள் ரோமாபுரி எண்டு பேர் வைச்ச சங்கம் கவிண்டிட்டுது. மண்டபத்தைக் கைவிட்டிட்டினம். இப்ப பின்னேரங்களில அதுக்குள்ள வெள்ளைக்காரப் பெண்டுகள் பாட்டுப் போட்டு சும்பா எண்டு தேகப்பயிற்சி ஆட்டம் ஆடினம். மற்றச் சங்கம், பாரசீகம், இன்னும் மூச்சிழுத்துக்கொண்டு கிடக்கு. கூட்டத்துக்கு வாறவை முழுக்க மூட்டுவலிக்காரர். நீங்கள் சிரிப்பீங்கள் எண்டு தெரியும். எனக்குச் சிரிப்பு வரேல்லை.

ஞாபகம் இருக்கோ, இந்தப் பேருகளை நீங்கள் வைச்ச நேரம்? 2009இல ஊரில எல்லாம் முடிஞ்சு, செத்த சனத்துக்கு அஞ்சலி செய்யக் கூடினம். பொதுச்சுடரை ஆர் ஏத்திறது எண்டு தொடங்கின வாய்த்தர்க்கம், இங்க சுவிசில, லோசானில எங்களுக்கிருந்த ஒரேயொரு சங்கத்தை ரெண்டாப் பிளந்தது. அடுத்த வருசம் ஒரே நாளில, ரெண்டு மண்டபத்தில, ரெண்டு அஞ்சலி. நாடும் போய், சனமும் போய், மிச்சமிருந்த நாலு கதிரைக்கு அடிபட்டினம் அண்ணை! வெட்கம் கெட்டதுகள்.

உங்கட பலசரக்குக் கடைதான் எல்லைக்கோடு. காலமை ரோமாபுரி வந்து கண்ணாடியில தங்கட நோட்டீசை ஒட்டும். பின்னேரம் பாரசீகம் வந்து அதுக்கு மேல தன்ரையை ஒட்டும். நீங்கள் ரெண்டையும் உரிச்சு, பக்கத்தில பக்கத்தில ஒட்டுவீங்கள். அதால ரெண்டு பகுதியும் உங்களைத் தங்கட ஆள் எண்டே நினைச்சது.

பல்கலைக்கழகத்தில வரலாறு படிச்ச மனிசன், கறிவேப்பிலை நிறுத்துக்கொண்டே அந்தப் பழைய யுத்தத்தைச் சொல்லுவீங்கள். கிழக்கு ரோமாபுரியும் பாரசீகமும் அயல் பேரரசுகள். ஒண்டை ஒண்டு விழுத்த வேணுமெண்டு ஒரு தலைமுறை முழுக்க அடிபட்டவை.

"கடைசியில ஆர் வெண்டது?" எண்டு கேட்டன்.

"ரோமாபுரி. வெற்றி விழாவும் எடுத்தவை. பிறகு கொஞ்ச வருசத்தில தெற்கிலயிருந்து அரபுப் படை வந்தது. பாரசீகம் அடியோட போச்சு. ரோமாபுரிக்குப் பாதி நாடு போச்சு. மறிச்சு நிக்க ரெண்டு பேரிட்டையும் தெம்பில்லை ராணி."

"எங்களுக்கு ஆர் அண்ணை வரப்போறாங்கள்?"

"எங்களுக்கு ஒருத்தரும் படையெடுத்து வரத் தேவையில்லை. பிள்ளையள் சங்கத்துக்கு வராமல் விட்டாலே காணும்."

சரி, உங்கட செத்தவீட்டுக் கதைக்கு வாறன். பெட்டிக்குள்ள கிடந்த உங்களுக்கு அது தெரியாது.

தகனச்சாலை மண்டபம் எங்களுக்கு ஒரு மணித்தியாலம்தான். ஐயர் கிரியையைச் சுருக்கி முடிச்சார். அதுக்குப் பிறகு உங்கட மகள் சிந்து பேசிறதெண்டு ஏற்பாடு. பள்ளிக்கூடம், வேலை எல்லாம் பிரெஞ்சிலயே வளந்த பிள்ளை, அப்பாவுக்குத் தமிழிலதான் பேசுவன் எண்டு ஒற்றைக்காலில நிண்டாள். தகனச்சாலைக்குப் போகேக்க மெட்ரோவில எனக்குப் பக்கத்தில இருந்து, உதட்டை அசைச்சு அசைச்சுப் பாடமாக்கினாள். "மாமி, 'இளைப்பாறுங்கோ அப்பா' எண்டு சொல்லலாமோ?" எண்டு கேட்டாள். ஓம் குஞ்சு, சொல்லலாம் எண்டன்.

எங்கட சனத்துக்குச் செத்தவீட்டிலயும் அறிவிப்பாளர் வேணுமே! அவர் மைக்கை எடுத்து, "முதலில் இரங்கலுரைகள்" எண்டார். ரோமாபுரித் தலைவர் "ரெண்டே ரெண்டு வார்த்தை" எண்டு எழும்பினார். அவர் திரும்பிப் போய் இருக்க முதல் பாரசீகத் தலைவர் எழும்பிட்டார். அவர் உங்களைத் தங்கட தூண் எண்டார். ரோமாபுரிச் செயலாளர் பாய்ஞ்சு வந்து, இல்லை, எங்கட தூண் எண்டார். பாரசீகம் விடுமோ? பொருளாளரை இறக்கிச்சு. அண்ணி குனிஞ்ச தலை நிமிரேல்லை. நான் எழும்பி, "பிள்ளை பேச வேணும்!" எண்டு கத்தினன். "பொறுங்கோ தங்கச்சி, இவர்தான் கடைசி ஆள்" எண்டாங்கள்.

கதவு திறந்தது. தகனச்சாலைக்குப் பொறுப்பான மதாம் வந்து மெல்லமா மன்னிப்புக் கேட்டா. நேரம் முடிஞ்சுதாம், அடுத்த குடும்பம் வெளியில நிக்குதாம். பெட்டியை மூடிச்சினம். சிந்து மைக்குக்குக் கிட்ட, வாய் பாதி திறந்தபடி நிண்டாள். அந்த முகத்தை நான் சாகுமட்டும் மறக்கமாட்டன். வெளியில கார் நிப்பாட்டிற இடத்தில ரெண்டு தலைவர்மாரும், ஆர் கூட நேரம் எடுத்தது எண்டு சண்டை. நாசமாய்ப் போவார்!

இப்ப திவசம் வருது. ரெண்டு பகுதியும் மாறி மாறி ஃபோன் அடிக்கினம், பேச நேரம் ஒதுக்கட்டாம். மண்டபமே இல்லாத ரோமாபுரிக்கும் மைக் வேணுமாம், பாருங்கோவன். போன கிழமை சிந்துவைக் கேட்டன், "குஞ்சு, திவசத்தண்டு அதைப் பேசன்" எண்டு. அவள் கோப்பை துடைச்சுக்கொண்டு நிண்டாள், நிமிரேல்லை.

"அது அப்பான்ர முகத்தைப் பாத்துச் சொல்லப் பாடமாக்கினது மாமி. இப்ப ஆரைப் பாத்துச் சொல்ல?"

இதுக்கு உங்களிட்ட மறுமொழி இருக்கோ அண்ணை?

ஒரு வாக்குத் தாறன். திவசத்தண்டு வீட்டு வாசலில நான் நிப்பன். ஆர் வந்தாலும் கும்பிட்டு, சாப்பிட்டுப் போகலாம், பேச்சுக்கு இடமில்லை. உங்கட படத்துக்கு முன்னால சிந்துவை இருத்துவன். அவள் பேசினாலும் சரி, பேசாமல் இருந்தாலும் சரி, அந்த நேரம் முழுக்க அவளுக்கு மட்டும்தான்.

உங்கட வாய்க்காரத் தங்கச்சி,
ராணி
லோசான்