உருண்டு வந்த செவர்லே

பதுளை,
27.10.1979

அன்பு மகன் அஸீஸுக்கு உம்மா ஸலாம் சொல்லி எழுதுவது.

அல்லாஹ்வின் உதவியால் ஸல்மாவும் சுகம், பிள்ளையும் சுகம். உனக்கு ஆண் பிள்ளை. இதை வாசித்து ஒரு மூச்சு விட்டுக்கொள். மற்றதைப் பிறகு வாசி.

போன சனிக்கிழமை நான் அஸர் தொழுது எழும்பும்போது ஸல்மாவுக்கு வலி கண்டுவிட்டது. டாக்டர் சொன்ன நாள் இன்னும் வரவில்லை. டிரைவர் நல்லையா தீபாவளிக்கு மொனராகலைக்குப் போயிருந்தான். கொட்டுகிற மழையில் நம்முடைய மேட்டுக்கு எந்த வண்டி ஏறி வரும்? உன் மகள் ஹம்ஸியா சாவியோடு வந்து நின்றாள். கால் சூம்பிய பிள்ளைக்கு ஸ்டியரிங் எதற்கு என்று நீ எழுதியது ஞாபகம் வந்தது. ஆனாலும் நான் தடுக்கவில்லை. உன் வாப்பா வாங்கின செவர்லே காரில் கிளட்ச் இல்லை, இடது காலுக்கு வேலையும் இல்லை. நல்லையா அவளுக்கு எப்போதோ பழக்கிவிட்டான்.

ஏறி இருந்து சாவியைத் திருகினால் பேட்டரி செத்துக் கிடக்கிறது. பக்கத்து வீட்டு புவாத், லொறி ஓட்டுகிறவன், குடையோடு ஓடி வந்து, "இது ஓட்டோமெட்டிக் மாமி, தள்ளினாலும் ஸ்டார்ட் வராது" என்று கையை விரித்தான். "புதுசுகள்தான் வராது புவாத் நானா, இது வரும். நீங்க கல்லை மட்டும் எடுங்க" என்றாள் உன் மகள். நம்முடைய கார் எப்போதும் பள்ளத்தைப் பார்த்துத்தானே நிற்கும், டயருக்குக் கல் வைத்து. அவன் கல்லை எடுத்தான். ஸல்மாவின் தலையை மடியில் வைத்து நான் ஓதிக்கொண்டே இருந்தேன். சத்தமில்லாமல் கார் உருண்டது. பள்ளிவாசல் தாண்டி வேகம் பிடித்ததும் கியர் லீவரை இழுத்துப் போட்டாள். ஒரு குலுக்கு, எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரி வாசலில்தான் நிறுத்தினாள். புவாத் இதை ஊரெல்லாம் சொல்லித் திரிகிறான். கேட்க எனக்குக் கசக்கவில்லை.

இரண்டே கியர், மெதுவாகத்தான் ஏறும் என்பாய். ஏறட்டும். வாப்பா மௌத்தாகிப் போன பிறகும் அந்தக் கியர் பெட்டியை ஒருவரும் கழற்றவில்லை. ஒயில் மாற்றுவதோடு சரி.

நீ விற்கச் சொன்னதாக நேற்று கார் புரோக்கர் காமில் காரை எடுக்க வந்தான். தேத்தண்ணீரும் வட்டிலப்பமும் கொடுத்து அனுப்பிவிட்டேன். சாவியைக் கொடுக்கவில்லை. நீ வாங்க நினைக்கிற ஜப்பான் காரில் கிளட்ச் இருக்கிறதாம். அதை இந்தப் பிள்ளை எப்படி ஓட்டுவாள், மகன்?

நீ லீவில் வரும்போது ஸ்டேஷனுக்கு நம்முடைய கார் வரும். பின்னால் ஏறாதே. முன்னால் அவள் பக்கத்தில் இரு. அல்லாஹ் உன்னைச் சுகமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் உம்மா,
ஸித்தி ஸுபைதா