செவ்வாய்க் கிரகத்தில் சட்டத்தை மாற்றிவிட்டோம், அண்ணா

என் முறைப்புக்காரப் பட்டாளத்து அண்ணாவுக்கு,

எப்படி இருக்கிறாய்? அங்கேயும் எல்லோரையும் விடியற்காலையில் எழுப்பி வரிசையில் நிற்க வைக்கிறாயா? நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இதற்குள் ஒரு விசிலாவது சம்பாதித்திருப்பாய்.

இங்கே ஒரு சேதி. உன் மகள் செல்வி பட்டாளத்தில் சேரப் போனாள். விழுப்புரம் மைதானத்தில் ஒரு வருஷம் ஓடிப் பழகியவள், தேர்வு ஓட்டத்தில் கொஞ்சம் பிந்திவிட்டாள். திண்டிவனம் திரும்பியதும் உன் பெட்டியைத் திறந்து, நீ கதை எழுதிய நோட்டை வைத்துக்கொண்டு அழுதாள். மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

எந்தக் கதை என்று உனக்குத் தெரியும். செவ்வாய்க் கிரகத்தில் கண்ணாடிக் கூரை போட்ட ஊர். பட்டாளத்தில் இருந்தவன்தான் அங்கே குடிமகன், அவனுக்குத்தான் ஓட்டு. மற்றவர்கள் சும்மா குடியிருக்கலாம்.

"அப்பாவே எழுதி வெச்சிட்டாரு அத்தை. பட்டாளத்துல சேராதவ அங்க ஒரு ஆளே இல்லியாம்" என்றாள்.

நீ எனக்கு அதைப் படித்துக் காட்டிய நாள் ஞாபகம் இருக்கிறதா? நான் உரித்த மல்லாட்டைக் கடலையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"அந்தப் பட்டாளத்துக்கு சோறு யாருண்ணா ஆக்குறது?"

"அதுக்கு மெஷினு இருக்குது."

"மெஷினக் கழுவுறது?"

"வாய மூடிக்கினு கேளு புள்ள!"

"கழுவுறவளுக்கு ஓட்டு உண்டா இல்லியா, அதச் சொல்லு."

நோட்டை மூடிவிட்டு எழுந்து போனாய். மறுநாள் நான் வேலை செய்யும் மில் வாசலுக்கே வந்து, "நீ கேட்டது நியாயந்தான். அடுத்த நோட்டுல சட்டத்த மாத்திடறேன்" என்றாய். புது நோட்டும் வாங்கினாய். அதில் ஒரு வரி எழுதுவதற்குள் மாரடைப்பு வந்துவிட்டது. அப்படி என்ன அவசரம் உனக்கு?

இதைச் சொன்னால் செல்வி நம்பவில்லை. "என்னத் தேத்தறதுக்கு கதை வுடாத அத்தை." கதை விடுவது உன் தொழிலா, என் தொழிலா?

அதனால் அந்தப் புது நோட்டை நானே எடுத்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். கொஞ்சம் நேரம் பிடித்தது. 'இந்த ஊரில் எல்லாருக்கும் ஒரே குழாயில்தான் காற்று வருகிறது. அதனால் மூச்சு விடுகிற எல்லாருக்கும் ஓட்டு உண்டு' என்று எழுதி அவள் முன்னால் வைத்தேன்.

நோட்டை எடுத்துப் படித்தாள். "இத அந்தப் பட்டாளம் சும்மா வுடுமா அத்தை?"

"வுடாது. அப்புறம் இன்னா ஆவும்?"

"சண்டை வரும். ஆனா பட்டாளத்துலயே பாதி பேரு ஜனங்க பக்கம் வந்துடுவாங்க. அவங்க அம்மாங்களுக்கும் ஓட்டு இல்லியே!"

"எனக்குக் கை வலிக்குது. நீ எழுதுடி."

"மொதல்ல சோத்தப் போடு" என்றாள்.

இப்போது இருபது பக்கம் ஆகிவிட்டது. கதாநாயகி காற்றுக்குழாய் ரிப்பேர் செய்கிறவள். பட்டாளத் தலைவன் மீசையைப் பார்த்தாலே கிண்டல் செய்கிறாள். யாரைப் பார்த்து எழுதினாளோ, எனக்கென்ன தெரியும்? நேற்றிலிருந்து மறுபடி ஓடவும் போகிறாள். அடுத்த முறை எடுப்பார்களோ, மாட்டார்களோ. எடுக்காவிட்டாலும் பட்டினி கிடக்க மாட்டாள் என்று தோன்றுகிறது.

"அப்பா கோச்சிக்குவாரா?" என்று மட்டும் கேட்டாள். கோபம் வந்தால் என்னிடம் வா அண்ணா, அவளிடம் போகாதே. நீ கொடுத்த வாக்கைக் கடைசிப் பக்கம் வரை அவள் நிறைவேற்றுவாள். அதுவரை அவள் தட்டில் சோறும் கையில் பேனாவும் இருப்பதற்கு நான் பொறுப்பு.

உன்னை எதிர்த்துப் பேசவே பிறந்த தங்கச்சி,
அஞ்சலை