அப்பா இறங்காமல் நுழைந்த கேட்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதிக்கொள்வது. கடவுள் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம். எப்போதும் பழக்கத்துக்கு எழுதுகிற சுகம் இல்லை இது, டாக்டர் சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிற சுகம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, சளி இருமல் அண்டாமல் இருக்க வேண்டுமென்று காலையும் மாலையும் கும்பிடுகிறேன். முதலில் நல்ல செய்தி. அப்பாவின் மூன்று மாதச் சர்க்கரை ஒன்பதரையிலிருந்து ஏழே காலுக்கு இறங்கிவிட்டது. இடது கண்ணில் கசிவு கூடவில்லை, ஊசி போட வேண்டாம், இப்படியே இருக்கட்டும் என்று கண் டாக்டரும் சொல்லிவிட்டார். ஃபேக்டரி ஸ்டோரில் திருகாணித் தலையில் பொறித்த எண்ணைப் படித்துப் பிரிப்பவருக்குக் கண் போனால் வேலை என்ன, நாள் என்ன? ஆறு மாதமாக அந்தப் பயத்தை நான் உன்னிடம் முழுதாகச் சொல்லவில்லை. நீ வாங்கி அனுப்பிய சைக்கிள்தான் அவரைக் காப்பாற்றியது. நீ நன்றாக இருப்பாய் தாயே.

ஆனால் ஒரு கணக்கைத் திருத்திச் சொல்ல வேண்டும். சைக்கிள் வந்த புதிதில், அப்பா நாற்பத்தோரு நாள் விடாமல் வேலைக்கு அதில் போகிறார் என்று போனில் பெருமையாகச் சொன்னேனே, அது பொய். பொய் என்று அப்போது எனக்குத் தெரியாது. அவர் தெருமுனை திரும்பும் வரை வாசலில் நின்று பார்த்துவிட்டு நோட்டில் ஒரு கோடு போடுவேன். கோடு ஏறியதே தவிர சர்க்கரை இறங்கவில்லை. சாப்பாட்டைக் குறைத்தேன், பிரார்த்தனையைக் கூட்டினேன், கடைசியில் சர்க்கரை பார்க்கிற மெஷின்மேல் சந்தேகம் வந்து என் விரலையே குத்திப் பார்த்தேன். எனக்குச் சரியாகத்தான் காட்டியது. மெஷின் யோக்கியம்தான். உன்னிடம் போனில் சொன்ன அன்றைக்கே சாயங்காலம் வானம் பொத்துக்கொண்டு கொட்டியது. ஆறு கிலோமீட்டர் சைக்கிளில் வந்த மனுஷன் தோள்பட்டை மட்டும் நனைந்து வந்து நிற்கிறார். ஒதுங்கி நின்றேன் என்றார். மழை நின்றால்தானே ஒதுங்கியவர் வர முடியும், அது இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது. துண்டைக் கொடுத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்தேன். முப்பது வருஷம் குடித்தனம் பண்ணியவளிடம் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்க முடியும்?

விஷயம் இதுதான். அவர்கள் ஃபேக்டரியில் வண்டிக்குப் பெரிய கேட், நடந்து வருபவர்களுக்கும் சைக்கிளுக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கதவு. அதில் குனிந்துதான் நுழைய வேண்டும், கீழே முழங்கால் உயரத்துக்கு இரும்புப் படி வேறு. முதல் நாள் அப்பா நிஜமாகவே சைக்கிளில்தான் போயிருக்கிறார். இறங்கி, குனிந்து, சைக்கிளைத் தூக்கி உள்ளே விடும்போது ஹேண்டில் கதவில் மாட்டிக்கொண்டதாம். பக்கத்துக் கேட்டில் பைக்கோடு நின்றவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். அதில் ஒருவர், “என்ன ஸ்டோர் சார், பிரசவம் சிக்கலா?” என்று கேட்க, ஒரே சிரிப்பாம். மறுநாளிலிருந்து மெயின் ரோட்டுத் தையல்காரர் கடையில் சைக்கிளை நிறுத்திவிட்டு, பெயின்ட் பிரிவு சூப்பர்வைசர் காரில் ஏறிப் போயிருக்கிறார். தையல்காரரும் பாவம், தூசி படக்கூடாதென்று துணி போட்டு மூடி வைத்திருக்கிறார். நான் கோபப்பட வாயெடுத்தேன். “இருபத்தெட்டு வருஷம் ஸ்கூட்டர்ல நிமிர்ந்து போன இடம்மா அது. கண்ணு போனாலும் போகட்டும், தினம் அங்க என்னால குனிய முடியாது” என்றார்.

இதில் வேடிக்கை, அந்தக் கேட்டுக்கு நேர் உள்ளே ‘சைக்கிளில் வாருங்கள், உடல்நலம் பேணுங்கள்’ என்று ஆளுயரத்துக்கு மேனேஜர் போர்டு வைத்திருக்கிறார். அஞ்சாம் கிளாஸோடு நின்றவள்தான் நான், ஆனாலும் பேப்பரில் வரும் மனுக்களைப் பார்த்துப் பார்த்து மனு எழுதத் தெரியும் என்பது உனக்கே தெரியும். போர்டு நல்ல போர்டு, அதைப் படித்துவிட்டு வருகிறவனுக்குக் கதவைத் திறந்து வையுங்கள் என்று ஒரு பக்கம் எழுதி நானே கொண்டுபோனேன். என்னையும் வாட்ச்மேன் சின்னக் கதவுக்குத்தான் காட்டினார். பையைப் பிடித்துக்கொண்டு குனிந்ததில் சரியாகக் குனியவில்லை போலிருக்கிறது, நெற்றியில் நங்கென்று இடி. வீங்கிய நெற்றியோடு மேனேஜர் முன்னால் போய் உட்கார்ந்தேன், மனுவை அவர் என் நெற்றிக்கு அடுத்து இரண்டாவதாகத்தான் படித்தார். அவர் கார் வரும்போதெல்லாம் பெரிய கேட் திறந்தே இருப்பதால் இப்படி ஒரு கதவு இருப்பதையே கவனித்ததில்லையாம். வாட்ச்மேனைக் கூப்பிட்டுக் கேட்டார். அவர் நிதானமாக, “ஹாரன் அடிச்சா பெரிய கேட்டைத் திறன்னு எனக்கு முன்ன இருந்தவர் சொல்லிக் குடுத்தார் சார். பெல் அடிச்சா என்ன செய்யணும்னு யாரும் சொல்லல” என்றார். மேனேஜர் சிரிக்கவில்லை. காலையில் எட்டரையிலிருந்து ஒன்பதே கால் வரை பெரிய கேட் எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா, மானத்தை வாங்கிவிட்டாய் என்று இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் தானாகவே பம்ப்பை எடுத்துக் காற்றடித்துக்கொண்டு போனார். சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றியபடி, “இன்னைக்கு இறங்கல” என்றார். அவ்வளவுதான். நான் உள்ளே போய்க் கும்பிட்டுவிட்டு, பழைய கோடுகளில் முதல் நாளை மட்டும் விட்டுவிட்டு நாற்பதையும் அடித்தேன். அன்றைக்குப் போட்ட கோட்டிலிருந்து இன்று வரை தொண்ணூற்றாறு, ஒன்றும் பொய்யில்லை. சிரித்தவர்களில் இரண்டு பேர் இப்போது சைக்கிளில் வருகிறார்கள், பிரசவம் கேட்டவர் உட்பட. தொப்பைதான் அவருக்கு முன்னே கேட்டைத் தாண்டுகிறதாம், அப்பா சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

நீயும் அங்கே ஆபீசுக்குச் சைக்கிளில்தான் போகிறாய் என்று முன்பு நான் முகம் சுளித்துப் பேசினேன். வாய் தவறிச் சொன்னதாக வைத்துக்கொள். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு ஓட்டாதே, பின்பக்க விளக்கு எரிகிறதா என்று கிளம்பும் முன் பார், துப்பட்டாவை இழுத்துக் கட்டு. எல்லாம் வல்ல தெய்வம் உனக்கு நல்ல வழியும் நல்ல துணையும் தரட்டும்.

ஒன்றை மறக்காதே. அந்த நாற்பது நாள் விஷயம் உனக்குத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. பெண் ஆசையாக அனுப்பியதைத் துணி போட்டு மூடி வைத்தேனே என்று அவருக்குள் அரிக்கிறது, ஞாயிற்றுக்கிழமை தானே சொல்லப்போகிறாராம். கண்ணைப் பற்றிச் சொல்வார், தொப்பைக்காரர் கதையைச் சொல்வார், பிறகு கொஞ்ச நேரம் பேச்சே வராது. லைன் போய்விட்டது என்று வைத்துவிடாதே.

ஆசிகளுடன்,
உன் அம்மா