மாற்றி மாட்டிய அட்டை

அன்புள்ள சின்னவளுக்கு,

அங்கே நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நானும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் அது முழு உண்மை இல்லை. உன் அக்கா வாரம் ஒருமுறை போன் செய்கிறாள், அதோடு சரி, மற்ற நேரமெல்லாம் வீட்டில் ரேடியோதான் பேசிக்கொண்டிருக்கிறது, அணைத்தால் வீடு வெறிச்சென்று ஆகிவிடுகிறது.

போன செவ்வாய்க்கிழமை கடையில் கூட்டமில்லை. முப்பத்தொரு வருஷமாக ஊராருக்கெல்லாம் கண் பரிசோதித்துக் கண்ணாடி எழுதிக் கொடுக்கிறவன், சும்மா இருக்கிற நேரத்தில் என் கண்ணையும் பார்த்துவிடுவோமே என்று நாற்காலியில் உட்கார்ந்து, வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, எழுத்து அட்டையைக் கடைசி வரி வரைக்கும் தடங்கலில்லாமல் வாசித்தேன். லென்ஸ் தேய்க்கிற பெண் எழுந்து வந்து, சார், பழைய அட்ட கிழிஞ்சிருச்சுன்னு காலையிலதான் வேற மாட்டினேன், நீங்க சொன்னது எதுவுமே இதுல இல்ல என்றாள். அப்போதும் அவள்மீதுதான் எரிந்து விழுந்தேன் என்றால் பார்த்துக்கொள். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. இத்தனை நாளும் நான் அட்டையைப் பார்க்கவே இல்லை, மனப்பாடமாக ஒப்பித்திருக்கிறேன். பிடிக்காதது எதிரே நிற்கிறது என்று தெரிந்தால் மனசு எவ்வளவு சாமர்த்தியமாகச் சுற்றிக்கொண்டு போய்விடுகிறது.

போன தடவை வந்தபோது நீ சொன்னாய், அப்பா எடது பக்கம் வர்ற வண்டி உங்களுக்குத் தெரியவே இல்ல, ஸ்கூட்டர் ஓட்டாதீங்க என்று. ஊரை விட்டுப் போனவளுக்கு என் வீட்டில் என்ன பேச்சு என்று கேட்டேன். மறுநாளே கிளம்பிவிட்டாய், இரண்டு வருஷமாயிற்று. கேட்கிறவர்களிடமெல்லாம் அவளுக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிச் சொல்லி நானே அதை நம்பியும்விட்டேன். இப்போது ஸ்கூட்டர் சாவியை எதிர்வீட்டு மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டேன். வியாழக்கிழமை பெரிய டாக்டரைப் பார்க்கிறேன், அதன் பிறகு கடைக்குப் போக முடியுமோ என்னவோ, பயமாகத்தான் இருக்கிறது. அதைவிடப் பயமான ஒன்றையும் கேட்டுவிடுகிறேன். நீ வராததற்குக் காரணம் லீவா, நானா? போனில் கேட்டால் நீ பூசி மெழுகுவாய், நானும் பேச்சை மாற்றிவிடுவேன், அதனால்தான் கடிதம்.

வேளைக்குச் சாப்பிடு, பிள்ளையை இருட்டில் போன் பார்க்க விடாதே. மூன்று பேரும் குறையொன்றும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், அதுதான் என் ஆசி. அப்பா மனசு நோகுமே என்று பார்க்காமல் உள்ளது உள்ளபடி பதில் எழுது. யாரிடமும் கொடுத்து வாசிக்கச் சொல்ல மாட்டேன், நானே வாசிப்பேன். எழுத்தை மட்டும் கொஞ்சம் பெரிதாக எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா