தொடப்பம் வேண்டாம் மச்சான்

மச்சான்,

உன் ஃபிலிம் ஸ்கேனர் இப்போது சிதம்பரத்தில், எங்கள் வீட்டு முன்னறை மேசைமேல் இருக்கிறது. சுவிட்சைப் போட்டதும் உள்ளே எதுவோ கரகரவென்று நகர்ந்து நிற்கிறது. கொஞ்ச நேரத்தில் சூடேறிய பிளாஸ்டிக் வாசனை வருகிறது. கடலூர் முதுநகரில் உன் அறைக்குள் நுழைந்ததும் அடிக்கிற அதே வாசனை. அது வரும்போதெல்லாம் உன் தங்கை செல்வி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்கிறாள். பார்த்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள்.

நீ போய் அடுத்த மாதத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. திதி கொடுக்க வேண்டும், உன் படம் வைத்து மாலை போட வேண்டும். படம்தான் பிரச்சினை. ஐஸ் ஃபேக்டரியில் கணக்கு எழுதிய நேரம் போக மிச்ச நேரமெல்லாம் கேமராவும் கையுமாகத் திரிந்தவன் நீ. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எல்லாம் உன் கணக்கில் உண்டு. உனக்கென்று உருப்படியாக ஒரு படம் இல்லை. காரியத்தன்று ஆதார் அட்டையில் இருந்ததைக் கொடுத்துத்தான் பெரிதாக்கினோம். ஸ்டுடியோக்காரர் நல்ல மனுஷர், சும்மா இருந்திருக்கலாம். உன்னைச் சிவப்பாக்கி, தலைமுடியை அடர்த்தியாக்கி, மோவாயில் இருந்த தழும்பைத் துடைத்து எடுத்துவிட்டார். மாலை போட்ட அந்தப் படத்தைப் பார்த்துச் செல்வி என்னிடம், "இது யாருங்க?" என்று கேட்டாள். அதுவரை அழாமல் இருந்தவள் அதற்குப் பிறகுதான் அழுதாள்.

அந்தத் தழும்பு அவளுக்காக நீ வாங்கியது. சின்ன வயதில் அவளை சைக்கிள் முன்பாரில் உட்கார வைத்து திருவந்திபுரத்துக்கு ஓட்டிப்போய், கெடிலம் ஆற்றுப் பாலத்து இறக்கத்தில் விழுந்தீர்களாமே. அவள் தலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நீ மோவாயைக் கல்லுக்குக் கொடுத்தாய். இந்தக் கதையை நீ ஒரு நாளும் சொன்னதில்லை. அவள் சொல்லாத நாள் குறைவு.

உன் கேமராவில் பாதி எடுத்த கறுப்பு வெள்ளை ரோல் ஒன்று இருந்தது. சென்னைக்கு அனுப்பிக் கழுவி வாங்கினேன். அதில் நீ இருக்கிற படம் ஒன்று உண்டு என்று எனக்குத் தெரியும், எடுத்ததே நான்தானே. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் டாக்டர் நம் இருவரையும் உட்காரச் சொல்லிப் பேசினாரே, அன்றைக்கு. பஸ்ஸை விட்டு இறங்கியதும் நீ சொன்னாய்.

"வீட்டுக்கு அப்புறம் போவலாம் மச்சான். ஆத்துப் பக்கம் போயி படகெல்லாம் பாத்துட்டுப் போவலாம்."

உப்பனாற்றங்கரையில் நீ பாட்டுக்குப் படகுகளை எடுத்துக்கொண்டிருந்தாய். திடீரென்று கேமராவை உன் கையிலிருந்து பிடுங்கினேன். "ஒரு தடவையாவது முன்னாடி நில்லுடா" என்றேன். என் கையிலிருந்த கேமராவில் இதையும் அதையும் நீயே திருப்பி வைத்துவிட்டுப் போய் நின்றாய். "ஃபோகஸ் ஒழுங்கா பாரு. பின்னாடி படகு நல்லா வந்துடும், நான்தான் வர மாட்டேன்" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பில்தான் அழுத்தினேன்.

ஃபிலிமிலிருந்து அந்த ஒரு படத்தைக் கம்ப்யூட்டருக்கு எடுக்கத்தான் இந்த மெஷினோடு மாரடித்தேன் மச்சான். முதலில் என் லேப்டாப் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. கேபிளை மாற்றினால் கண்டுகொண்டது, ஆனால் உன் பழைய சாஃப்ட்வேர் புதுக் கம்ப்யூட்டரில் ஓடமாட்டேன் என்றது. வேறொன்றைத் தேடிப் போட்டேன். எங்கள் மகள் கயல்விழியின் காதுகுத்துக் கலர் ஃபிலிமை வைத்துப் பார்த்தால் பளிச்சென்று வந்தது. ஒரு தூசி இல்லை, கீறல் இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. செல்வியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு உன் ஃபிலிமை மாட்டினேன்.

வந்த படத்தில் நீ இல்லை. படகுகள் உருகி வழிந்து கிடந்தன. உன் சட்டை இருந்தது, முகம் இருந்த இடத்தை ஈரத்துணியால் இழுத்துவிட்டாற்போல் இருந்தது. செல்வி எழுந்து போய்விட்டாள். எனக்கு உன்மேலே கோபம் வந்தது. உயிரோடு இருந்தபோதும் படத்துக்கு நிற்க மாட்டாய், இப்போதும் வர மாட்டேன் என்கிறாயா என்று வாய்விட்டுத் திட்டினேன்.

அப்புறம் ஒரு வாரம் ஆபீஸ் விட்டு வந்ததும் இதே வேலை. ஃபிலிம் வகையைக் கறுப்பு வெள்ளை என்று மாற்றினேன். துல்லியத்தைக் கூட்டினேன், குறைத்தேன். ஃபிலிம் மாட்டும் சட்டத்தைத் திருப்பி மாட்டினேன். கழுவியவர்கள் கெடுத்துவிட்டார்கள் என்று சென்னைக்குப் போன் போட்டுச் சண்டை போட்டேன். கடைசியில் ஸ்கேனர் கண்ணாடியில்தான் ஏதோ தூசி என்று முடிவு கட்டி, அதற்கென்று நீ பெட்டியில் கிழித்து வைத்திருந்த பழைய வேட்டித் துணியால் தேய் தேயென்று தேய்த்தேன். ஒன்றும் மாறவில்லை. என் கைதான் அன்றைக்கு நடுங்கியிருக்கிறது, உன்னை நான்தான் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். அதைச் செல்வியிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை கயல்விழி சென்னைக்குக் கிளம்பினாள். வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள், அது உனக்குத் தெரியாது. பையைக் கட்டிய இடமெல்லாம் காகிதமும் முறுக்குத் தூளுமாகக் கிடந்தது. எனக்குத் தூசியைக் கண்டாலே ஆகாமல் போயிருந்த சமயம். ஆட்டோ கிளம்பிய சத்தம் அடங்கவில்லை, மேசையைச் சுற்றிப் பெருக்க ஆரம்பித்துவிட்டேன். வாசலிலிருந்து வந்த உன் தங்கை சத்தம் போட்டாள்.

"புள்ள இப்பதான் வாசப்படி தாண்டிச்சு. அதுக்குள்ள தொடப்பத்த எடுத்துட்டீங்களா? கீழ போடுங்க மொதல்ல!"

ஊருக்குக் கிளம்பினவர் போய்ச் சேரும்வரை வீட்டைப் பெருக்கக் கூடாதென்பது உங்கள் வீட்டுச் சட்டம். கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் போகிற வழிக்குக்கூட அதில் விலக்கு கிடையாது. துடைப்பத்தைக் கீழே போட்டேன். போட்ட சத்தத்தில் நீ பேசினது ஞாபகம் வந்தது.

அந்த மெஷினில் இருந்த ஒவ்வொன்றுக்கும் நீ ஒரு பேர் வைத்திருந்தாயே. ஃபிலிம் வகை, ஜாதகம். படத்தைக் கூர்மையாக்குவது, சாணை பிடிப்பது. தூசியைத் தானாக எடுக்கிற வசதிக்குப் பேர் தொடப்பம். "தொடப்பத்த போடு மச்சான்" என்பாய், நான் அந்தக் கட்டத்தில் டிக் அடிப்பேன். ஒரு தடவை உன் அம்மாவின் கல்யாணப் பட நெகட்டிவை வைத்துவிட்டு, டிக் அடிக்கப் போன என் கையைத் தட்டிவிட்டாய்.

"கறுப்பு வெள்ளைக்குத் தொடப்பம் ஆவாது. உள்ள கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சம் அடிக்கும் மச்சான். கலர் ஃபிலிமுல அது பாட்டுக்குப் பூந்து போயிடும், தூசியிலதான் முட்டும். எங்க முட்டுதோ அத பெருக்கித் தள்ளிடும். கறுப்பு வெள்ளையில படம்னா வெள்ளித் துகளு. அந்த வெளிச்சம் படத்துலயே முட்டும். மெஷினுக்குப் படமும் தூசிதான்."

நான் அப்போது வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தேன். விளக்கு வைத்த பிறகு பெருக்கக் கூடாது என்கிற மாதிரி ஏதோ சொல்கிறாய் என்று நினைத்துத் தலையாட்டினேன்.

இந்தப் புது சாஃப்ட்வேரில் அந்த டிக் தானாகவே விழுந்து கிடந்திருக்கிறது. ஜாதகத்தை மாற்றின நான் துடைப்பத்தைப் பார்க்கவில்லை. டிக்கை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். படம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. வானம் வந்தது, படகின் கொடிக்கம்பம் வந்தது, உன் கலைந்த முடி வந்தது. கண் வந்தபோது எனக்குத் திரை தெரியவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தால் சிரிப்பு வந்திருந்தது, அதற்குக் கீழே மோவாயில் அந்தத் தழும்பு.

செல்வியைக் கூப்பிட்டேன். வந்தாள். தழும்பின்மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். "அண்ணன் சிரிக்குதுங்க" என்றாள்.

அப்புறம் அப்படியே தரையில் உட்கார்ந்து, இத்தனை நாள் சொல்லாத ஒன்றைச் சொன்னாள். உன்னைத் தூக்கிக்கொண்டு நாங்கள் போனோமே, தெருமுனையைக்கூடத் தாண்டியிருக்க மாட்டோமாம். பெண்கள் வாளி வாளியாகத் தண்ணீர் கொட்டி வீட்டைக் கழுவ ஆரம்பித்துவிட்டார்களாம். வழக்கம்தான், அவளுக்கும் தெரியும். ஆனாலும் ஒருத்தி கையில் துடைப்பத்தைப் பார்த்ததும், "அண்ணன் இன்னும் போய்ச் சேரல, பெருக்காதீங்க" என்று கத்தியிருக்கிறாள். யாரோ அவளை அணைத்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். சுடுகாட்டிலிருந்து நான் திரும்பியபோது தரை காய்ந்திருந்தது. எனக்கு ஒன்றும் தெரியாது.

நேற்று அந்தப் படத்தை ஸ்டுடியோக்காரருக்கு அனுப்பினேன். துடைப்பம் போடாததால் அதில் தூசி நிறையத்தான் இருக்கிறது. போதாததற்கு உன் தோளுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை நூல் வளைந்து கிடக்கிறது. உன் வேட்டித் துணியிலிருந்து ஒட்டிக்கொண்டதாக இருக்க வேண்டும். சாயங்காலம் அவர் போன் செய்தார். செல்வி என் பக்கத்தில்தான் இருந்தாள்.

"சார், படம் சூப்பரா இருக்கு. ஆனா தூசி ஜாஸ்தி. நூல் மாதிரி வேற ஒண்ணு கெடக்குது. எல்லாத்தையும் சுத்தமா எடுத்துடட்டுமா?"

"வேணாங்க" என்றேன். "அப்படியே இருக்கட்டும். ஆளு இப்பதான் கெளம்பியிருக்காரு."